லாட்டெகன் சகோதரர்களின் இரண்டு வண்டிகள்

மகிரிட்டா கீவிட் முப்பத்தோரு வருடம் வித்போர்ட் கிளினிக்கில் நர்ஸாக இருந்தார். ஓய்வு பெற்ற மறுநாள் காலை என் மருந்துக்கடைக்கு வந்து, கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "பில்லே, நான் மோட்டார் சைக்கிள் வாங்கப் போறேன்" என்றார்.

என் பெயர் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் இந்தக் கரூ வறண்ட நிலத்தில் எவர் வாயிலும் அது பில்லே ஆகிவிடும். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இப்போது நானே என்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கிளினிக்குக்குச் சொந்தமான ஒரு சின்ன பைக்கில், பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பண்ணை பண்ணையாகத் தடுப்பூசி போடப் போனவர் அவர். காற்றிலும் புழுதியிலும் அந்தக் குட்டி வண்டி முனகிக்கொண்டு போவதை ஊரே பார்த்திருக்கிறது. "மத்தவங்களுக்காக ஓட்டினது போதும். இனி எனக்காக ஓட்டப் போறேன்" என்றார். வடக்கே ஆரஞ்சு ஆற்றைத் தாண்டி நமீபியா, அங்கிருந்து கடற்கரை, பிறகு எங்கே என்று அவரே முடிவு செய்யவில்லை. தனியாள். கல்யாணம் ஒருமுறை ஆகி ஒருமுறை முடிந்தது என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

அவரைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எதையும் எழுதி வைப்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு நீள நோட்டு. காய்ச்சல், நாடி, மழை, பெட்ரோல் எல்லாம் அதில் இருக்கும். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "நான் கண்ணை மூடிவிட்டவங்க இருநூறு பேருக்கு மேல. ஒருத்தரும் திரும்பி வந்து தாங்க்ஸ் சொன்னதில்ல" என்பார்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த வண்டி என்பதுதான் முடிவாகவில்லை. அதற்கான சண்டை என் கடையிலேயே நடந்தது. கராஜ் வைத்திருக்கும் எல்ராய் கோலியாத் முதுகுவலித் தைலம் வாங்க வந்தவன், ஒரு மணிநேரம் நின்றுவிட்டான்.

"சிஸ்டர், சொன்னா கோவிச்சுக்காதீங்க. உங்க உயரத்துக்கு அட்வெஞ்சர் வண்டில ஏறணும்னா ஏணி வேணும்."

"ஏணியையும் எடுத்துக்கிறேன். அதுலதான் பெரிய பெரிய அலுமினியப் பெட்டி இருக்கே."

"ஸ்போர்ட் டூரர்னா ரெண்டு காலும் தரையில பதியும். முன்னாடி பெரிய கண்ணாடி, காத்து மேல படாது. நாள் முழுக்க நூத்தி நாப்பதுல போங்க, கைல ஒரு நடுக்கம் இருக்காது. தார் ரோட்டுக்குன்னே பெத்து வளத்த வண்டி."

"தார் முடிஞ்சா?"

"முடிஞ்சா வீட்டுக்குத் திரும்பணும்."

"இந்த நாட்டுல தார் எங்கடா முடியல? நம்ம ஊர்லயே தபால் ஆபீஸ் தாண்டினா சரளைதான்."

"அட்வெஞ்சர் வண்டி சரளைல மேயும், ஒத்துக்கிறேன். ஆனா மண்ணுல சாஞ்சா இருநூத்தி நாப்பது கிலோ. யார் தூக்குவா? பில்லேயா?"

என்னைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். பிறகு எல்ராய் தைல டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "ரெண்டு வகையும் ஒரே இடத்துல விலைக்கு இருக்கு. லாட்டெகன் பண்ணைல" என்றான்.

"டாவி மாமாவா விக்கிறார்?"

"முட்டி போயிடுச்சே, இனி எங்க ஓட்டப் போறார். ரெண்டும் நல்ல வண்டி. நான்தான் ஆயில் மாத்துவேன்." தைலத்துக்குக் காசை வைத்துவிட்டு, "ஆனா ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க சிஸ்டர்" என்றான்.

"ஓட்டிப் பாக்காம யாராவது வாங்குவாங்களா?"

"இல்ல. சும்மா சொன்னேன்" என்று கிளம்பிவிட்டான்.

லாட்டெகன் பண்ணை ஊரிலிருந்து பதினாலு கிலோமீட்டர். அங்கே டாவி, ஃபான் என்று அண்ணன் தம்பி இருவர் ஆடு வளர்த்தார்கள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே மந்தை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நாற்பது வருடச் சண்டை. டாவிக்குத் தார் ரோடு. நீல நிற ஸ்போர்ட் டூரர் அவருடையது. தம்பி ஃபானுக்கு மண் ரோடு. மண்நிறத்தில் உயரமான அட்வெஞ்சர் வண்டி. எது வண்டி, எது பயணம் என்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தால் விளக்கணைக்கும் வரை ஓயாது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பந்தயம். காக மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு சாலைகளும் சேரும் இடத்தில், ஒரு மிளகு மரத்தடியில், வழிப்போக்கர் உட்கார்ந்து சாப்பிட ஒரு கான்கிரீட் மேசை உண்டு. மலையைச் சுற்றிக்கொண்டு தார் ரோட்டில் போனால் நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர். கணவாய் வழியே சரளையில் ஏறி இறங்கினால் எண்பத்துமூன்று. இருவரும் ஒரே நேரத்தில் வாசலைத் தாண்டி, அண்ணன் இடது பக்கமும் தம்பி வலது பக்கமும் திரும்புவார்கள். முதலில் மேசைக்குப் போனவர் ஃப்ளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றி வைத்திருப்பார். நேரக் கணக்கு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் இருக்கும்.

மகிரிட்டா வண்டி தேடியதற்கு ஏழு வருடம் முன், ஒரு மார்ச் மாத சனிக்கிழமை டாவி முதலில் போய்ச் சேர்ந்தார். காப்பி ஊற்றினார். அது ஆறியது. ஃபான் வரவில்லை. மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு, டாவி தன் வண்டியிலேயே அந்தச் சரளை ரோட்டில் தட்டுத் தடுமாறி ஏறினார். கணவாயின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே மண்நிற வண்டி நின்றிருந்தது. சைடு ஸ்டாண்ட் போட்டு, சாவி வண்டியிலேயே இருக்க, ஹெல்மெட் பக்கக் கண்ணாடியில் தொங்க, கையுறைகள் இரண்டும் சீட்டின் மேல் ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஆள் இல்லை. போலீஸ் நாய்கள் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. எந்தப் பக்கமும் போகவில்லை. ஹெலிகாப்டர் மூன்று நாள் பறந்தது. ஃபான் லாட்டெகனின் ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மகிரிட்டாவுக்கும் தெரியும். டாவியின் காலில் ஆறாத புண் ஒன்று உண்டு. வருடக்கணக்காக அதற்குக் கட்டுப் போட்டவரே இவர்தான்.

ஒரு புதன்கிழமை காலை பண்ணைக்குப் போனார். டாவிக்கு அப்போது எழுபத்துநாலு வயது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஷெட் வரை வந்தார். தரை பெருக்கி மழுமழுவென்று இருந்தது. இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில், கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளியில் நின்றன. மகிரிட்டா இரண்டின் மீட்டரையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"எது வேணும்?" என்றார் டாவி.

"அதான் மாமா தெரியல."

"சும்மா நின்னு பாத்தா தெரியாது. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. மேசை வரைக்கும் போயிட்டு வாங்க. நீலத்தைத் தார்ல ஓட்டுங்க. அவனோடத சரளைல ஓட்டுங்க. அப்புறம் சொல்லுங்க."

நீல வண்டியைப் பற்றி மகிரிட்டா பிறகு சொன்னபோது, ஒரு குதிரையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்; மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். வளைவில் மனதில் நினைத்தாலே சாயும். காற்று ஹெல்மெட்டுக்கு மேலே போய்விடும். சின்ன வண்டியில் முப்பத்தோரு வருடம் குலுங்கிய உடம்புக்கு, கட்டிலில் படுத்துக்கொண்டு பறப்பதுபோல இருந்ததாம். மேசைக்கு ஐம்பது கிலோமீட்டர் இருக்கும்போதே, இதுதான் என்று முடிவு செய்துவிட்டார்.

மேசையருகே யாருமில்லை. பத்தரை மணி வெயில். மரத்தின் நிழல்கூட வெளுத்துக் கிடந்தது. வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோது, சரளை ரோட்டின் மேல் புழுதி ஒரு நீளத் துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வண்டி இப்போதுதான் வந்து போயிருப்பதுபோல. மண்ணில் முரட்டு டயரின் தடம் ஒன்று கணவாய்ப் பக்கத்திலிருந்து வந்து, மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தது. சைடு ஸ்டாண்ட் அழுந்திய குழி இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

சூடான இன்ஜின் நிறுத்தியதும் டிக், டிக் என்று சத்தம் போடும். தன் வண்டியின் சத்தம்தான் என்று முதலில் நினைத்தார். மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். நீல வண்டியின் சத்தம் பின்னால் தேய்ந்தது. ஆனால் குழியின் மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், தன் இடுப்பு உயரத்திலிருந்து டிக், டிக் என்று கேட்டது. காய்ந்த எண்ணெய் வாசனையும் வந்தது. கையை நீட்டிப் பார்த்தார். உள்ளங்கையைச் சுட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

வந்த வழியே பண்ணைக்குத் திரும்பும்போது வேகமாக ஓட்டியதாகச் சொன்னார். எவ்வளவு வேகம் என்று நோட்டில் எழுதவில்லை.

டாவி ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் உள்ளே நுழைந்ததும், "யார் முதல்ல வந்தது?" என்று கேட்டார்.

"எங்க?"

"மேசைக்குத்தான்."

மகிரிட்டா நேராக ஷெட்டுக்குப் போனார். மண்நிற வண்டி காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் மூக்கிலிருந்து வால் வரை வெள்ளைப் புழுதி. பக்கத்தில் போகும்போதே அனல் அடித்தது. மீட்டரைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். நூற்று அறுபத்தாறு கிலோமீட்டர் ஏறியிருந்தது. மேசை வரை சரளையில் போய்த் திரும்புகிற தூரம். பெருக்கிய தரையில் டயர் தடமே இல்லை.

சமையல்காரி காத்ரீனைப் பிடித்து விசாரித்தார். "காலையில இருந்து முத்தத்துலதான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன் சிஸ்டர். யாரும் ஷெட் பக்கம் வரல" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சத்தம் மட்டும் கேட்டுச்சு. நீங்க கிளம்பினப்ப ரெண்டு வண்டி சத்தம். நான் திரும்பிப் பாக்கல. எனக்கு இங்க மாசாமாசம் சம்பளம் வருது" என்றாள்.

அன்று மதியம் மகிரிட்டா என் கடைக்கு வந்து வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சூடான இரும்பைத் தொட்டதுபோல நீளமாக ஒரு கொப்புளம். நான் களிம்பு தடவிக் கட்டுப் போட்டேன். அப்போதுதான் இதையெல்லாம் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"வேண்டாம் சிஸ்டர். வேற வண்டி பாருங்க. கேப் டவுன்ல இல்லாத வண்டியா?"

"ஒரே ஒரு தடவை பாத்த காய்ச்சலை வெச்சு நான் யாருக்கும் மருந்து குடுத்ததில்ல பில்லே. ரெண்டாவது தடவை பாக்கணும்."

"யாரோ விளையாடறாங்கன்னு நினைக்கிறீங்களா?"

"அப்படித்தான் நினைக்கணும்னு ஆசை" என்றார்.

மறுநாள் காலை தன் வீட்டுப் பூட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். டாவி நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். மண்நிற வண்டியை வெளியே தள்ளி, நீல வண்டியை உள்ளே வைத்து, ஷெட்டைத் தன் பூட்டால் பூட்டினார். நீல வண்டியின் சாவி, பூட்டுச் சாவி இரண்டையும் ஜாக்கெட்டின் உள்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். ஏணி வேண்டியிருக்கவில்லை. ஆனால் நிறுத்தினால் ஒரு கால் நுனிதான் தரையில் படும் என்பதால், ஒரு கல்லைத் தேடி அதன்மேல் நின்றே ஏறினார்.

சரளையில் அந்த வண்டி வேறு மாதிரி. ஏறி உட்கார்ந்ததும் ஊரே கீழே இறங்கிவிடும். குழியும் கல்லும் சக்கரத்துக்குத்தான் தெரியும், ஓட்டுபவருக்குத் தெரியாது. மிதியில் எழுந்து நின்றால் தானே வழி பார்த்துக்கொண்டு போகும். பயத்தை மீறி, கொஞ்ச தூரம் சந்தோஷமாகவே ஓட்டினேன் என்றார். காக மலை பக்கத்தில் வர வர, அந்தச் சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லையாம்.

கணவாயில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மறுபக்கம் பள்ளம். காற்றே இல்லை. மலைக்குக் காகத்தின் பெயரை வைத்திருக்கிறார்களே தவிர, ஒரு பறவைச் சத்தமும் இல்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, திடீரென்று இன்ஜின் நின்றது.

கீழே பார்த்தார். சைடு ஸ்டாண்ட் இறங்கியிருந்தது. கியரில் இருக்கும்போது ஸ்டாண்ட் இறங்கினால் இன்ஜின் தானாக அணைந்துவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஓடுகிற வண்டியில் ஸ்டாண்ட் எப்படி இறங்கும்? காலால் தள்ளி மேலே ஏற்றினார். ஸ்டார்ட் செய்தார். பத்தடி போனது. மறுபடி நின்றது. ஸ்டாண்ட் கீழே இருந்தது. இந்தமுறை குனிந்து, ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்தார். நல்ல இறுக்கமாக இருந்தது. மூன்றாவது முறை ஐந்தடிகூடப் போகவில்லை. ஸ்டாண்ட் இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்தார். ஒரு பூட்ஸ் கால் அழுத்துவதுபோல, அவசரமில்லாமல், நிதானமாக இறங்கி மண்ணில் பதிந்தது.

"அதுக்கப்புறம் நான் ஸ்டார்ட் பண்ணல பில்லே. பண்ணி பிரயோஜனமில்லன்னு தெரிஞ்சுபோச்சு. கைய ஹேண்டில் பார்ல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

சரளையில் காலடி கேட்டது. பள்ளத்துப் பக்கத்திலிருந்து மேலே ஏறி வந்தது. பெரிய ஆளின் நடை. இடது கால் கொஞ்சம் இழுத்தது. வண்டியின் முன்னால் வந்து நின்றது. பிறகு ஒரு பக்கமாகச் சுற்றிப் பின்னால் போனது. மகிரிட்டா கண்ணை மூடவில்லை. முன் சக்கரத்துக்கு அப்பால் மண்ணில் கல் ஒன்று நகர்ந்ததைப் பார்த்தார். கல்லை நகர்த்தியவர் இல்லை.

பிறகு வண்டியின் பின்பக்கம் அழுந்தியது. யாரோ பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததுபோல ஷாக் அப்சார்பர் முனகி இறங்கியது. ஹெட்லைட் கொஞ்சம் வானத்தைப் பார்த்தது.

"எத்தனை பேரைத் தூக்கிக் கட்டில்ல போட்டிருக்கேன். கனம் எனக்குத் தெரியாதா. எண்பத்தஞ்சு கிலோ இருக்கும். குளிரா இல்ல. மூச்சு இல்ல. வாசனையும் இல்ல. வெறும் கனம்."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"பின்னாடி நோயாளி ஏறினா என்ன சொல்லுவேனோ அதைத்தான் சொன்னேன். பிடிச்சுக்கோங்கன்னு."

சைடு ஸ்டாண்ட் தானாக மேலே ஏறியது. இன்ஜின் ஒரே தொடலில் பிடித்தது. உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் பின்னால் இருந்த கனம் அவரோடு சேர்ந்து சரியான பக்கம் சாய்ந்தது. பழகியவர் சாய்வதுபோல. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மட்டும் முதுகில் வந்து இடித்தது.

மேசையருகே நிறுத்தினார். பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. கனம் இறங்கியது. காலடி மேசையை நோக்கிப் போனது. மகிரிட்டா இறங்கவில்லை. அவருக்கு இரண்டு காலும் தரையில் எட்டாது. இறங்கினால் மறுபடி ஏற ஒரு கல் தேட வேண்டும், அதற்குத் துணிவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். மேசைக்குத் தார் ரோட்டுப் பக்கத்தில், மழமழப்பான டயரின் தடம் ஒன்று வந்து நின்றிருந்தது. கான்கிரீட்டின் மேல் கப்பின் அடி பதிந்த ஈர வட்டங்கள் இரண்டு. ஒன்று காய்ந்து மங்கியிருந்தது. மற்றது புதிது.

திரும்பும்போது கணவாய்க்குள் போகாமல் தார் ரோட்டைப் பிடித்தார். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் கண்ணாடியில் ஒற்றை ஹெட்லைட் தெரிந்தது. வேகம் கூட்டினால் கூட்டியது. குறைத்தால் குறைத்தது. நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. ஒரு நீண்ட வளைவில் அது பக்கவாட்டில் திரும்பியபோது முழுவதும் தெரிந்தது. நீல வண்டி. அதில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இருந்தவர் கையை ஆட்டி ஆட்டி எதையோ முன்னால் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்பையில் நீல வண்டியின் சாவி தன் விலா எலும்பில் குத்திக்கொண்டிருப்பதை மகிரிட்டா உணர்ந்தார். பண்ணை வாசல் வரும்வரை அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஷெட்டில் அவருடைய பூட்டு அப்படியே தொங்கியது. திறந்தார். நீல வண்டி டிக், டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மீட்டரில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு கூடியிருந்தது. அங்கேயே நின்று தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நூற்று முப்பத்திரண்டு. அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். மீட்டர் எண்களுக்குக் கீழே அந்த நாடிக் கணக்கும் இருக்கிறது. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.

வீட்டுக்குள் போனபோது டாவி அதே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். "எட்டு மணில இருந்து இப்படித்தான். கட்டு மாத்தறப்பக்கூட முழிக்கல" என்றாள் காத்ரீன். மகிரிட்டா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். கிழவரின் கன்னமும் மூக்கும் வெயிலில் வண்டி ஓட்டியவர் முகம்போலச் சிவந்து காய்ந்திருந்தன. உதடு வெடித்திருந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் கூலிங் கிளாஸ் மறைத்த அளவுக்கு வெளுப்பு. தாடையில் நசுங்கிய பூச்சிகள் இரண்டு.

டாவி கண்ணைத் திறந்தார். "ஏன் இவ்வளவு நேரம்? பத்தே காலுக்கே வந்து உக்காந்திருந்தேன்."

"எங்க மாமா?"

"மேசைலதான்." பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "காத்ரீன், காப்பி போடு. ரெண்டு" என்றார்.

"சிஸ்டருக்கும் சேத்துத்தானே?"

"சிஸ்டருக்கும்னா மூணு" என்றார் டாவி.

மகிரிட்டா காப்பி குடிக்க நிற்கவில்லை. ஒரு வாரம் பண்ணைப் பக்கமே போகவில்லை. பிறகு டாவியின் புண் ஞாபகம் வந்து, திட்டிக்கொண்டே போனார். அவருக்கு நீல வண்டிதான் பிடித்திருந்தது. உயரத்துக்கும் முதுகுக்கும் அதுதான் சரி என்று எல்ராய் சொன்னதும் உண்மைதான். ஆனால் அதைக் கேட்டதும் டாவி தலையை ஆட்டினார்.

"நீலம் விலைக்கில்ல சிஸ்டர். எங்க ரெண்டு பேருக்கும் இனி அது போதும். நீங்க அவனோடத எடுத்துக்கோங்க."

"எனக்கு அது உயரம் மாமா."

"சீட்டைச் செதுக்கிக் குடுக்கச் சொல்லி எல்ராய்கிட்ட சொல்லிட்டேன். நல்லா ஓட்டறீங்களாம். இறக்கத்துல மட்டும் பிரேக்கை ரொம்பப் பிடிக்கிறீங்களாம், முதுகுல இடிக்குதாம். ஃபான் சொல்றான்."

மகிரிட்டா அந்த வண்டியை வாங்கினார். ஏன் வாங்கினீர்கள் என்று நான் கேட்டேன். "கணவாய்ல ஓட்டிப் பாத்தேனே. அதுக்கு மேல எந்த ரோடு என்னை என்ன பண்ணும்?" என்றார். எல்ராய் சீட்டைச் செதுக்கி, ஷாக்கையும் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அது சாதாரண வண்டி. பெட்ரோல் குடிக்கும், பஞ்சராகும். மீட்டர் அவர் ஓட்டிய அளவுக்குத்தான் ஏறும். தினமும் எழுதிப் பார்த்துவிட்டார். நமீபியாவுக்கு இரண்டு முறை போய் வந்தார். மணலில் ஒன்பது முறை விழுந்ததாகவும், எட்டு முறை தானே தூக்கியதாகவும் நோட்டில் இருக்கிறது.

பண்ணையில்தான் வேறு மாதிரி ஆனது. மாத்திரை கொடுக்க நானே மாதம் ஒருமுறை போவேன். முற்றத்தில் காரை நிறுத்தும்போதே சாப்பாட்டு அறையிலிருந்து பேச்சுக் கேட்கும். டாவியின் கரகரப்பான குரல். அதற்கு எதிராக இன்னொன்று, கனமாக, வேகமாக. தார், சரளை, டயர், வளைவு. கதவைத் தட்டினால் இரண்டும் நின்றுவிடும். உள்ளே டாவி மட்டும் உட்கார்ந்திருப்பார். எதிர் நாற்காலி மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி, யாரோ இப்போதுதான் எழுந்ததுபோல இருக்கும்.

காத்ரீனிடம் ஒருமுறை கேட்டேன். "ரெண்டு பேருக்குச் சமைக்கிறேன். ரெண்டு தட்டும் காலியாத்தான் வருது. எலும்பைக்கூட ஒதுக்கி வெச்சிடறாங்க. நல்ல மனுஷங்க" என்றாள். அவளுக்குப் பயமில்லை. எனக்குத்தான் அந்த எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னால் கால் வராது. நான்கு வருடமும் நின்றுகொண்டேதான் மாத்திரையைக் கொடுத்தேன்.

போன ஆகஸ்டில் டாவி இறந்தார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாற்காலியில், உட்கார்ந்தபடியே. கல்லறைக்கல் விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. கல்லில் இரண்டு பெயர் வேண்டும், டாவிட், ஸ்டெஃபானஸ் என்று தன் முழுப்பெயரையும் ஃபானின் முழுப்பெயரையும் டாவி எழுதி வைத்திருந்தார். சர்ச் குழு கூடியது. ஆள் கிடைக்காதவருக்கு எப்படிக் கல் வைப்பது, மலையில் எங்கேயோ கிடக்கிறவரை இங்கே இருக்கிறார் என்று எழுதினால் அது பொய்யாகாதா என்று ஒரு பெரியவர் கேட்டார்.

மகிரிட்டா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார்.

"மலையில இல்ல. அவரை நான்தான் இறக்கிக் கொண்டுவந்தேன். மேசை வரைக்கும் என் பின்னாடி உக்காந்து வந்தார். அங்க இருந்து அண்ணனோட வீட்டுக்கு வந்தார். காத்ரீன் நாலு வருஷம் சோறு போட்டா. எழுதுங்க."

பெரியவர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையிலிருந்த பாதிப் பேருக்கு மகிரிட்டா தடுப்பூசி போட்டிருக்கிறார். அவர் எழுதி வைக்காத ஒன்றைச் சொல்ல மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மகிரிட்டா என் கடையில் இருந்தபோது கல் வெட்டுபவர் அங்கேயே வந்து அவரிடம் தேதி கேட்டார். டாவியின் தேதி தெரியும். ஃபானுக்கு எதைப் போடுவது? காணாமல் போன நாளா, இல்லை இப்போதா?

மகிரிட்டா நோட்டை எடுத்தார். சில பக்கங்களைப் புரட்டினார். மூடி வைத்தார்.

"பொறந்த தேதிய மட்டும் போடுங்க. இன்னொண்ணு எனக்குத் தெரியாது" என்றார்.

கல் வெட்டுபவர் அப்படியே செய்தார். அடுத்த வாரம் மகிரிட்டா பெட்டிகளை மாட்டிக்கொண்டு வடக்கே கிளம்பினார். காத்ரீன் பண்ணை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குள் வந்துவிட்டாள். நீல வண்டியைத் தன் கராஜில் பத்திரமாக வைக்க எல்ராய் ஷெட்டுக்குப் போனபோது, அங்கே தரை பெருக்கி மழுமழுவென்று இருந்தது. வண்டி இல்லை. பூட்டு உடையவில்லை. போலீசில் சொல்லலாமா என்று என்னைக் கேட்டான். என்னவென்று எழுதிக் கொடுப்பாய் என்றேன். முதுகுத் தைலம் ஒன்று வாங்கிக்கொண்டு போனான்.